ஸ்டாச்சு முக்கில் சில முகங்கள்

திருவனந்தபுரத்தில் பஸ் கண்டக்டர் "ஸ்டாச்சு, ஸ்டாச்சு" என்று குரல் கொடுத்தால் யாருடைய சிலை என்று எவரும் கேட்பதில்லை. கும்பகோணத்தில் பிறந்து, 1857 முதல் 1872 வரை திருவிதாங்கூருக்குத் திவானாக இருந்த டி. மாதவராவ் அங்கே செகரட்டேரியட்டுக்கு எதிரே நிற்கிறார். அவர் காலத்தில் எழும்பி 1869இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. அங்கிருந்து புளிமூடு, ஆயுர்வேதக் கல்லூரி, ஓவர்பிரிட்ஜ் என்று எம்.ஜி. ரோடு தெற்கே இறங்கிக் கிழக்கேக்கோட்டையில் போய்ச் சேரும். எழுபதுகளில் அந்த ரோட்டில் நடந்தவர்களுக்கு ஜவுளிக்கடையும் புத்தகக்கடையும் எவ்வளவு நினைவிருக்குமோ அவ்வளவு ஸ்டூடியோக்களும் நினைவிருக்கும். வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் படங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். கல்யாணப் பெண், பட்டமளிப்பு அங்கி போட்ட பையன், தொப்பி வைத்த போலீஸ்காரர், முழங்கையில் முகத்தைத் தாங்கிய யாரோ ஒரு நாடக நடிகர். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் அப்பா நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஏஜி ஆபீஸில் குமாஸ்தா. நாங்கள் குடியிருந்தது கரமனையில். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரம்தானே தலைநகரம். கோர்ட்டுக்கும் காலேஜுக்கும் உத்தியோகத்துக்கும் இங்கேதான் வர வேண்டும். எல்லைக்கோடு மாறிய பிறகும் வந்தவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குரல் கேட்டபடியே இருந்தது. அந்தக் கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே ஆ. மாதவன் கதை எழுதினார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்துகொண்டே நீல பத்மநாபன் 'தலைமுறைகள்' எழுதினார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நகுலனாக மாறினார் டி.கே. துரைசாமி. இந்த ஊரின் குணமே அது. பகலில் எல்லாருக்கும் ஏதோ ஒரு ஆபீஸ் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் யார் யார் என்று தெரியவரும்.

சினிமாவிலும் அதே கதைதான். சத்தியன் பள்ளிக்கூட வாத்தியாராகவும் செகரட்டேரியட் குமாஸ்தாவாகவும் இருந்தார். பட்டாளத்துக்குப் போய் வந்தார். போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தார். 1952இல் நேமத்து மெரிலேண்ட் ஸ்டூடியோவின் முதல் படமான 'ஆத்மசகி' அவர் நடிப்பில் வெளியானபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. மெரிலேண்டை நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவில்காரர், திருவனந்தபுரத்துக்கு மேயராகவும் இருந்தவர். மலையாள சினிமாவின் முதல் பெரிய நாயகர்களில் ஒருவரான திக்குறிசி சுகுமாரன் நாயரின் ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சிறையின்கீழ் அப்துல் காதருக்குப் பிரேம் நசீர் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு ஸ்டூடியோ ஸ்டூலில் பேர் தெரியாத ஆட்களாக உட்கார்ந்திருப்பார்கள். உத்தியோக மனுவில் ஒட்டுவதற்கும் குழுப்படத்தில் நிற்பதற்கும் போயிருப்பார்கள். விளக்கைத் திருப்பிய ஆளுக்கு அவர்கள் அன்றைய வாடிக்கையாளர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

கரமனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ இருந்தது. எங்கள் குடும்பத்தின் முகங்களெல்லாம் அங்கேதான் பதிவாயின. நடத்தியவரை எல்லாரும் சேட்டன் என்போம். மரப்படி ஏறிப் போனால் முதலில் ஒரு நிலைக்கண்ணாடி. கீழே பலகையில் குட்டிக்கூரா பவுடர், பல் உதிர்ந்த சீப்பு, தேங்காயெண்ணெய்க் கிண்ணம். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டும் முடிச்சு போட்டே வைத்த டையும் தொங்கும். இண்டர்வியூவுக்குப் போகிற யாராக இருந்தாலும் அதே கோட்டுதான். தோள் பெரிசாக இருந்தால் முதுகில் கிளிப் போட்டு இறுக்குவார். முன்பக்கம் மட்டும்தானே படத்தில் விழும்.

உள்ளே போனால் மரக்கால்களில் பெரிய கேமரா, மேலே கறுப்புத் துணி. பின்னால் தொங்கும் திரையில் படிக்கட்டும் தூணும் தூரத்தில் ஏரியும் வரைந்திருக்கும். இரண்டு பக்கமும் தகரக் குடை போட்ட பல்புகள். சேட்டன் துணிக்குள் தலையை விட்டால் அவர் குரல் மட்டும் வெளியே வரும். "மூச்சைப் பிடிக்காதே மோனே. உள்ளது போல இரு." அப்பாவிடம் வேறு மாதிரி பேசுவார். "சாரே, ஆபீஸர் முன்னாலெ நிக்கண போல நிக்கண்டா. சாரே ஆபீஸர்னு விசாரிச்சு நில்லுங்க." பாதி மலையாளம், பாதி தமிழ். அப்பா அந்த ஒரு படத்தில்தான் தாடையை நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

சேட்டனிடம் வருகிறவர்களுக்கு மூன்று காரணங்கள் இருந்தன: வேலை, வரன், இறந்துபோனவரைப் பெரிதாக்குவது. நாலாவதாக ஒரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் வருவார்கள். பாஸ்போர்ட் சைஸ் என்று ஆரம்பித்து, "அப்புறம் சேட்டா, ஒரு சைடு போஸ் கூட…" என்று இழுத்தால் அவருக்குப் புரிந்துவிடும். சிரிக்கிற படம், சிரிக்காத படம், பக்கவாட்டு, முழு உருவம். அந்த நாலு படங்களும் சென்னைக்கோ மெரிலேண்டுக்கோ ஆலப்புழை உதயாவுக்கோ தபாலில் போகும். பெரும்பாலும் பதில் வராது. சேட்டன் யாரையும் கேலி செய்ததில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு வந்த குமாஸ்தாவுக்கு எவ்வளவு நேரம் விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்தாரோ அதே நேரம் இவர்களுக்கும் உண்டு.

டார்க் ரூமுக்குள் என்னை எப்போதாவது விடுவார். ஒரு சிவப்பு பல்பு, மூன்று தட்டு, மூக்கில் ஏறுகிற ஹைப்போ வாசனை. என்லார்ஜரின் கீழே காகிதத்தை வைத்து, "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று வாய்க்குள் எண்ணி விளக்கை அணைப்பார். காகிதம் அப்போதும் வெள்ளைதான். டெவலப்பர் தட்டில் போட்டு ஒரு ஓரத்தை மெதுவாக ஆட்டும்போது முதலில் தலைமுடி வரும். பிறகு புருவம், மீசை, கோட்டின் கழுத்துப்பட்டி. கறுப்பெல்லாம் வந்த பிறகுதான் கன்னமும் நெற்றியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். யார் முகம் என்று தெரிகிறதற்கு முன்னாலேயே அது ஆண்பிள்ளைத் தலையா பெண்பிள்ளைத் தலையா என்று சொல்லிவிடலாம். சரியான நேரத்தில் எடுத்து ஹைப்போவில் போடாவிட்டால் முகம் கறுத்துக்கொண்டே போகும்.

ரீடச்சிங்தான் எனக்குப் பிடித்த வேலை. பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற சாய்ந்த கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்துக்கொண்டு, ஊசி மாதிரி நீளமாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குத்துவார். முகத்தில் இருக்கிற சுருக்கமும் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் நெகட்டிவில் தெளிந்து தெரியும். அங்கே பென்சில் கரியை நிரப்பினால் அச்சில் அந்த இடம் வெளுத்துவிடும். இப்படி ஆளுக்கு நாலைந்து வயதைக் குறைக்கலாம். ஆனால் சினிமாவுக்கு அனுப்பும் படங்களுக்கு மட்டும் சேட்டன் பென்சிலைத் தொடமாட்டார். "அவிடெ உள்ள கேமரா இதைக் காட்டும். பின்னே நாம மறைச்சு எந்து காரியம்?" என்பார்.

இந்தக் கரமனை மாடியின் பெரிய வடிவம் ஸ்டாச்சுவில் இருந்தது. சிவன் ஸ்டூடியோ.

சிவசங்கரன் நாயர் என்கிற சிவன் 1932இல் ஹரிப்பாட்டில் பிறந்தவர். திருவிதாங்கூரிலும் பிறகு கேரளத்திலும் முதல் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். 1959இல் ஸ்டாச்சுவில் ஸ்டூடியோ வைத்தார். செகரட்டேரியட்டுக்குப் பக்கத்தில் கடை என்றால் வாடிக்கையாளர்களைச் சொல்லவா வேண்டும்? மந்திரிகளும் மந்திரிகளைப் பார்க்க வந்தவர்களும், பரீட்சை எழுதினவர்களும் எழுதப் போகிறவர்களும் அந்த ரோட்டில்தான் நடந்தாக வேண்டும். சாயங்காலமானால் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் சினிமா எடுக்க ஆசைப்பட்டவர்களும் அங்கே கூடுவார்கள். படம் பிடித்துக்கொள்ள வந்தவர்களைவிடப் பேச வந்தவர்கள் அதிகம் என்று ஊரில் சொல்வதுண்டு.

தமிழ் வாசகர்களுக்குச் சிவனைத் தெரியாவிட்டாலும் அவர் எடுத்த முகங்களைத் தெரிந்திருக்கும். ராமு காரியட்டின் 'செம்மீன்' படத்துக்கு ஸ்டில் எடுத்தவர் அவர். 1965இல் வந்து, தென்னிந்தியாவுக்கு முதல் ஜனாதிபதி தங்கப்பதக்கத்தை வாங்கித் தந்த படம். திருச்சூர் பக்கம் நாட்டிகைக் கடற்கரையில் எடுத்தார்கள். கேமரா மார்கஸ் பார்ட்லி. அதில் பரீக்குட்டியாக வருகிற மதுவுக்கு அப்போது சினிமாவில் இரண்டு வயதுதான். திருவனந்தபுரம் கௌரீசப்பட்டத்துப் பையன். அப்பா இந்த ஊருக்கு மேயராக இருந்தவர். மது நடிகராவதற்கு முன் நாகர்கோவிலில் இந்துக் கல்லூரியிலும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் இந்தி வாத்தியார். அந்த வேலையை விட்டுவிட்டு 1959இல் டில்லிக்குப் போய்த் தேசிய நாடகப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்தார். எங்கள் சித்தப்பா அவரிடம் இந்தி படித்தவர். செம்மீன் வந்தபோது, "எங்க சாருக்கு கடல்ல நிக்கத் தெரியாதுலே, பாவம்" என்றாராம். கறுத்தம்மாவாக நடித்த ஷீலாவும் மூன்று வருஷத்துக்கு முந்தித்தான் எம்.ஜி.ஆரின் 'பாசம்' படத்தில் சினிமாவுக்குள் வந்தவர். சிவனின் கேமரா முன் நின்றபோது அவர்கள் இன்னும் செம்மீன் மதுவும் செம்மீன் ஷீலாவும் ஆகவில்லை. அந்தப் பட்டத்தை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததில் அந்த ஸ்டில்களுக்கும் பங்கு உண்டு. படம் வருகிறதற்கு முன்னால் பத்திரிகையிலும் பாட்டுப்புத்தகத்திலும் தியேட்டர் வாசலிலும் ஜனங்கள் பார்த்தது அந்த நிழற்படங்களைத்தானே.

ஸ்டில் எடுப்பது தனி வித்தை. ஷாட் ஓகே என்று டைரக்டர் சொன்ன உடனே, நடிகர் கலைவதற்குள், "ஒரு ஸ்டில்" என்று ஓடிப்போய் நிற்க வேண்டும். அந்த உணர்ச்சி இறங்கிப் போயிருக்கும். விளக்குக்காரன் ஸ்விட்சில் கை வைத்திருப்பான். இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு முழுக்காட்சியை ஒரே முகத்துக்குள் கொண்டுவர வேண்டும். பாஸ்போர்ட் படம் எடுத்துப் பழகினவர்களுக்கு அது கைவரும். ஏனென்றால் முகம் கொஞ்ச நேரம்தான் முகமாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிவன் படம் பிடிப்பதோடு நிற்கவில்லை. 1973இல் 'ஸ்வப்னம்' என்று ஒரு மலையாளப் படம் தயாரித்தார். மது நடித்தார். சலில் சௌத்ரி இசை. வேலூரில் பிறந்து, 'குட்டி' என்ற இந்திப் படத்தால் வடக்கே பெயர் வாங்கிய வாணி ஜெயராம் மலையாளத்தில் முதல் பாட்டுப் பாடியது அந்தப் படத்தில்தான். பிறகு சிவனே படம் இயக்க ஆரம்பித்தார். 'யாகம்', 'அபயம்', 'கேசு' ஆகியவற்றுக்குத் தேசிய விருதுகள் வந்தன. கடைசி இரண்டும் குழந்தைகளுக்கான படங்கள்.

சிவன் வழியில் வந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். என்.எல். பாலகிருஷ்ணன். இந்த ஊர் ஸ்டூடியோக்களில் தொழில் கற்று, 'கேரள கௌமுதி' பத்திரிகையில் படமெடுத்து, சினிமா ஸ்டில்லுக்கு வந்தவர். அடூர் கோபாலகிருஷ்ணன், அரவிந்தன், ஜான் ஆபிரகாம், பத்மராஜன், பரதன் என்று மலையாளத்தின் புதிய சினிமாவை எடுத்த எல்லாருக்கும் பக்கத்தில் அவர் கேமராவோடு நின்றார். பெரிய சரீரம். பின்னால் அந்தச் சரீரத்துக்காகவே நடிக்கக் கூப்பிட்டார்கள். திரையில் பார்த்தவர்கள் பலருக்கு அவர் புகைப்படக்காரர் என்பதே தெரியாது. 2014 டிசம்பரில் இறந்துபோனார்.

அவர் படமெடுத்த தலைமுறை ஸ்டாச்சுவைச் சுற்றியே திரிந்தது. நீல பத்மநாபன் வேலை பார்த்த அதே மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் கோபி. அடூரின் 'ஸ்வயம்வரம்' படத்தில் சின்ன வேஷம். அடுத்த 'கொடியேற்றம்' அவரை பரத் கோபி ஆக்கியது. நெடுமுடி வேணு இங்கே 'கலாகௌமுதி' பத்திரிகைக்காரர். 1978இல் அரவிந்தனின் 'தம்பு' படத்தில் முகம் காட்டினார். 'இந்தியன்' படத்தின் போலீஸ் அதிகாரியாகத் தமிழர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டபோது பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸிலிருந்து நேராக ஒத்திகைக்கு வந்த அந்த ஆட்களுக்குத் தங்கள் முகத்தில் எது நல்ல பக்கம் என்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

ஆரம்ப காலத்துப் படங்களில் என்னை இழுப்பது இதுதான். புகழ் வந்த பிறகு முகத்துக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. கேமராவைக் கண்டால் கழுத்து தானாகத் திரும்பும், கண் தானாகச் சுருங்கும். ஜனங்கள் எந்த முகத்தை விரும்புகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்த முகத்தை விற்கலாம் என்று எடுப்பவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தையே மறுபடியும் எடுக்கிறார்கள். முதல் படத்தில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாது. வந்தவர் காசு கொடுத்திருக்கிறார், எடுக்கிறவர் தொழிலை ஒழுங்காகச் செய்கிறார். அந்த நேர்மை பிறகு எவ்வளவு பெரிய பத்திரிகையின் அட்டையிலும் வராது.

முடவன்முகளில் எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான். மாடல் ஸ்கூலில் படித்து எம்.ஜி. காலேஜுக்குப் போனவன், அப்பா அரசாங்கத்தில் சட்ட அதிகாரி. நவோதயா படக் கம்பெனி புதுமுகம் தேடுகிறது என்று விளம்பரம் வந்தபோது அவனுக்குச் சொல்லாமலே நண்பர்கள் அவன் படத்தை அனுப்பி வைத்தார்கள். நேரில் பார்த்தவர்களில் சிபி மலயில் நூற்றுக்கு இரண்டு மார்க் போட்டார் என்பதை அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இயக்குநர் பாசில் வேறு விதமாக நினைத்தார். 1980 கிறிஸ்துமஸுக்கு 'மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்' வந்தது. வில்லன் நரேந்திரனாக மோகன்லால். தபாலில் போன அந்தப் படம் எந்த ஸ்டூடியோவில் எடுத்ததாக இருந்தாலும், விளக்கைத் திருப்பியவருக்கு அவர் மற்றுமொரு நாலு போஸ் பையன். கரமனையிலிருந்து முடவன்முகள் எட்டிப் போகிற தூரம்தான். எங்கள் சேட்டனிடம் அதே வயதுப் பையன்கள் எத்தனையோ பேர் அதே நாலு போஸுக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் பேங்கிலும் வளைகுடாவிலும் கெஎஸ்ஆர்டிசியிலும் வேலைக்குப் போனார்கள். நெகட்டிவ் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு.

சிவன் ஸ்டூடியோவில் வளர்ந்த பையன்களுக்கும் கேமராதான் விளையாட்டுச் சாமான். சங்கீத் சிவன் 'யோதா' எடுத்தார், ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த முதல் மலையாளப் படம் அதுதான். 'ரோஜா' வந்த அதே 1992. 1964இல் பிறந்த சந்தோஷ் சிவன் அப்பாவின் டார்க் ரூமிலிருந்து ஒளிப்பதிவுக்குப் போனார். 'தளபதி', 'ரோஜா', 'இருவர்', 'உயிரே', 'ராவணன்' என்று அவர் பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் விளக்குக்கு முன்னால் முதன்முதலாக வந்து நின்றவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அரவிந்த்சாமிக்கு முதல் படம் 'தளபதி'. உலக அழகியாக இருந்தாலும் ஐஸ்வர்யா ராய்க்கு நடிகையாக முதல் படம் 'இருவர்'. திரையில் ப்ரீத்தி ஜிந்தாவை முதலில் பார்த்தது 'உயிரே'வின் இந்தி வடிவத்தில். புதுமுகத்துக்கு எங்கே வெளிச்சம் வைக்க வேண்டும் என்பது ஸ்டாச்சுவில் கற்ற பாடமாக இருக்கலாம். 2024இல் கான் திரைப்பட விழாவில் பியர் ஆஞ்ஜெனியூ விருது வாங்கிய முதல் ஆசியக்காரரும் அவர்தான்.

'இருவர்' பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கணக்கு ஓடும். சென்னையின் அரசியல் கதை, மணிரத்னம் படம். அதில் ஆனந்தனாக நடிக்க வந்தவர் முடவன்முகளிலிருந்து. அவர் முகத்துக்கு விளக்கு வைத்தவர் ஸ்டாச்சுவிலிருந்து. சந்தர்ப்பம் தேடித் தெருத்தெருவாக அலைகிற ஒரு நடிகனை முதல் பாதியில் காட்டுகிறார்கள். அந்த அலைச்சல் முகம் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

முகம் எழுதுகிற வேலை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1862இல் பதினாலு வயசுப் பையனாகக் கிளிமானூரிலிருந்து அரண்மனைக்கு வந்த ரவிவர்மாவுக்கு, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வர்ணம் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து காட்டிக்கொடுத்தார் என்பது வரலாறு. லெனின் ராஜேந்திரன் 'மகரமஞ்ஞு' எடுத்தபோது அந்த ரவிவர்மாவாக நடிக்க வைத்தது சந்தோஷ் சிவனைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் படம் கிடைத்தவர்களின் கதை. கிடைக்காத ஒரு முகமும் இதே எம்.ஜி. ரோட்டில் உண்டு. அப்பாவின் ஏஜி ஆபீஸுக்கு எதிரில் ஒரு காலத்தில் கேப்பிட்டல் தியேட்டர் இருந்தது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' அங்கேதான் திரையிடப்பட்டது. எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோசி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். நாயர் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காமல் மேல்சாதிக்காரர்கள் திரையில் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். படமும் அழிந்துபோயிற்று. இதுதான் அவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு கையில் எடுக்கக்கூடிய ஒரு ஸ்டூடியோப் படம்கூட நம்மிடம் இல்லை. தியேட்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பின்னாளில் அத்தனை ஸ்டூடியோக்கள் வந்தன. யாராவது ஒருவர் அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்து, "மூச்சைப் பிடிக்காதே மோளே" என்று சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

ஆகவே ஸ்டூடியோக்காரர்களின் பெருமை, பெரிய ஆட்களைப் படமெடுத்தார்கள் என்பதில் இல்லை. யார் பெரிய ஆளாவார் என்று பார்க்காமல் எல்லாரையும் எடுத்தார்கள், அதில் இருக்கிறது. சேட்டனின் நோட்டுப் புத்தகத்தில் நம்பர், பெயர், சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ், பாக்கி என்று ஒரே வரிசைதான். நெகட்டிவ்களை பிரவுன் காகித உறையில் போட்டு நம்பர் எழுதிப் பெட்டியில் அடுக்குவார். திருவனந்தபுரத்தின் ஈரத்துக்கு நெகட்டிவில் பூசணம் பூக்கும். மழைக்காலம் முடிந்ததும் வெளியே எடுத்துத் துடைத்துக் காயவைப்பார். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று அவர் யோசித்ததே கிடையாது. பத்திரிகைக்காரர்கள் அந்த மாடிப்படியில் அபூர்வமாக ஏறுவார்கள். அப்போதும் கேட்பது ஒரே கேள்வி: இன்னார் இறந்துவிட்டார், சின்ன வயசுப் படம் இருக்குமா?

வண்ணப்படம் வந்தபோது ரீடச்சிங் மேசை மூலைக்குப் போயிற்று. டிஜிட்டல் வந்தபோது டார்க் ரூமில் ஜெராக்ஸ் மிஷினை வைத்தார்கள். இன்று அந்த மாடியில் லேமினேஷனும் ஆதார் அச்சும் நடக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைச் சுவர், அரை நிமிஷம். படிக்கட்டும் ஏரியும் வரைந்த திரை எங்கே போயிற்றோ. சிவன் 2021 ஜூன் 24 அன்று தமது 89ஆம் வயதில் மறைந்தார். கேரளத்தின் முகங்களை வைத்திருந்தவர் என்று அன்றைய அஞ்சலிகளில் சொன்னார்கள். பெரிய முகங்களைத்தான் வெளியிட்டார்கள். அது பத்திரிகையின் நியாயம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும், அலமாரி மேல்தட்டிலும், பழைய ஜாதகக்கட்டுக்கு நடுவிலும் ஸ்டூடியோ முத்திரை குத்திய படங்கள் கட்டாயம் இருக்கும். அதிலிருக்கிறவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்த வாரமே அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்பக்கத்தில் பெயர், உறவு, ஊர், வருஷம் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும். பெயர் தெரிந்தால்தான் அது ஒருவருடைய முகம். தெரியாவிட்டால் அடுத்த தலைமுறை அதைக் காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடும்.